மனசு மூலை

ஏலத்தோட்டத்து ஜீப் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, சுப்புத்தாய் இல்லாமலேயே மலையேறிப் போய்விட்டது. கூலி போனால் போகட்டும். மகளின் டீச்சரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

பக்கத்து வீட்டு மொக்கம்மாள்தான் முந்தின நாள் சாயங்காலம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் வெளியே ஓட, மகாலட்சுமி மட்டும் வகுப்பு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். ஒரு வாரமாக இதே கூத்தாம். மொக்கம்மாளின் மகன் ஜன்னல் வழியாகப் பார்த்தானாம், அழுகைச் சத்தம்கூடக் கேட்டதாம்.

மகளைக் கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றாள். கெஞ்சினாலும் அதே பதில், முதுகில் ஒன்று வைத்தாலும் அதே பதில். டீச்சர் மிரட்டி வைத்திருக்கிறாள், வேறென்ன.

சுப்புத்தாயும் பள்ளிக்கூடம் போனவள்தான். அங்கே அவளை மட்டும் வாசலோரம் தனியாக உட்கார வைத்தார்கள். போதும்டா சாமி என்று மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. மகளுக்கும் அதே கதியா? பள்ளிக்கூடம் திறக்கும்வரை வீட்டுக்கும் தெருவுக்குமாக நடையாய் நடந்தாள்.

வகுப்பில் பீரோவை ஒட்டிய மூலையில் ஒரு பாயும் இரண்டு தலையணையும் கிடந்தன. சுவரில் கலர் சாக்பீஸால் 'மனசு மூலை' என்று எழுதியிருந்தது. இருந்த கோபத்தில் அவள் எங்கே அதையெல்லாம் படித்தாள். அருள்செல்வி டீச்சரின் கண்கள் வீங்கியிருந்தன. விடிய விடிய செல்போனை நோண்டியிருப்பாள், இவளிடம் பிள்ளையை விட்டால் உருப்பட்ட மாதிரிதான் என்று மனதுக்குள் கறுவினாள்.

"எங்க பிள்ளைகன்னா ஒங்களுக்கு மூலைதானா டீச்சர்?"

டீச்சர் தணிந்த குரலில் விளக்கினார். அது தண்டனை இல்லையாம். மனசு சரியில்லாத யாரும் அங்கே போய் உட்காரலாம். ஏன் என்று கேட்கக் கூடாது, அங்கே பார்த்ததை வெளியே சொல்லவும் கூடாது. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அங்கே ஒரே சட்டம்தான்.

"அப்ப எம் மகளுக்கு என்ன கொறைச்சல்? தெனமும் அங்கன போயி அழுற அளவுக்கு யாரு என்ன செஞ்சீக?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

சுப்புத்தாய்க்கு அது போதும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். கூட வந்திருந்த மகளின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கெளம்பு. இந்தப் படிப்பு நமக்கு வேணாம். நாளைக்கு எங்கூட ஜீப்புல ஏறு."

மகாலட்சுமி கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அசைக்க முடியவில்லை. அவள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல் டீச்சர் மெல்லத் தலையசைத்தார்.

"அங்கன அழுறது டீச்சர்தாம்மா. நா தொணைக்கு உக்காருறேன்."