பெருமூச்சு மாவு

வீட்டினர் வெளிவிடும் மூச்சையும் மின்சாரத்தையும் தின்று, சமையலறைத் தொட்டியிலிருந்த நுண்ணுயிர்கள் சத்தான மஞ்சள் மாவாகப் பெருகின. இந்த வாரம் தொட்டி நிறைந்து வழிந்தது.

"என்ன ஸ்டெல்லா, ரகசியமா ஏதாச்சும் ஊத்துறியா?" அந்த மாவில் சுட்ட தோசையைப் பிய்த்தபடி அருளப்பன் சிரித்தான்.

அவள் எதையும் ஊற்றவில்லை. கணவனிடம் சொல்ல முடியாத ஒவ்வொன்றுக்கும் அந்தத் தொட்டியருகே நின்று பெருமூச்சு விட்டிருந்தாள். ஒருமுறையாவது 'உனக்கு என்ன ஆச்சு' என்று கேட்கமாட்டானா என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

"இன்னொண்ணு போடு."

போட்டாள். பாதியில் அவன் கை நின்றது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான், அவளுடையதைப் போலவே.

"என்னன்னு தெரியல புள்ள, மனசே ஒரு நிலையில இல்ல. எங்கயாச்சும் போயிடலாம்போல இருக்கு."

ஸ்டெல்லா அடுத்த கரண்டி மாவை எடுத்தாள்.

"சாப்பிடுங்க. இன்னும் நிறைய இருக்கு."