இரண்டு பேருக்கு ஒரு வாளி

காலையிலிருந்து குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைத்ததில் தங்கபாயின் இடுப்பு இற்றுவிடும்போல் வலித்தது. அதோடு மாதவிலக்கும் இரண்டு நாள் முந்தி வந்து சேலையை நனைத்துவிட்டது. ஆலையின் ஒரே கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இன்றுபோல் குழாயில் தண்ணீர் வராத நாளில் இரண்டு பேருக்கு ஒரு வாளி. முதலில் போகிறவள் பாதியை மிச்சம் வைக்க வேண்டும். யாரும் அதை எழுதி ஒட்டவில்லை, ஒருத்தியும் மீறியதுமில்லை.

கூரை ஓட்டை வழியே வானம் வாளிக்குள் இறங்கிக் கிடந்தது. ஒரு வெண்மேகத்தைக் கப்பில் கோரிச் சேலையில் ஊற்றினாள். கறை மெல்ல வெளிறிப் படர்ந்தது. இன்னொரு மேகம். வலிகூட எங்கோ தூரத்தில் யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது.

“யக்கா, உள்ள பாய் விரிச்சு ஒறங்குதியளா? எனக்கு வயிறு கலக்குது!” என்றாள் வாளியின் மறுபாதிக்காக வெளியே நின்ற எஸ்தர்.

“இப்பம் வாறேன்டி.”

வாளி பாதியாகிவிட்டது. கறை போகவில்லை. மூட்டை தூக்கும் ஆண்கள் நிற்கிற முற்றத்தைத் தாண்டித்தான் திரும்பிப் போக வேண்டும். தங்கபாய் மறுபடியும் கோரினாள். வானம் அடிவாளியில் சுருங்கி, பிறகு இல்லாமல் போனது.

அவள் ஈரச்சேலையோடு வெளியே வர, எஸ்தர் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். வெற்று வாளியில் கப்பு உரசும் சத்தம் கேட்டது. தங்கபாய் வசவுக்குக் காத்து நின்றாள். வசவு வரவில்லை.

எஸ்தருக்கு அவள் பாதி வாளித் தண்ணீர் கடன்பட்டிருந்தாள்.