மழையில் மாட்டிய மஸ்கி

"என்னடா மழை இது! தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியல. தூண்டில் பின்னாடியே மஸ்கி வந்தாலும் எப்படிடா தெரியும்?" படகில் புலம்பினான் லைல். ஏழு வருடமாக அந்த விஸ்கான்சின் ஏரியில் ஒரு மஸ்கி மீன்கூட அவனுக்குச் சிக்கவில்லை.

"எதுக்குடா பாக்கணும்? மழையிலதான் அது மேல வரும். ஒவ்வொரு வீச்சு முடிவுலயும் படகோரமா தூண்டில தண்ணிக்குள்ள '8' மாதிரி சுத்தி எட்டுப் போடு," என்றான் நண்பன் ஆர்லோ.

மீனைக் கண்டால் மட்டுமே எட்டுப் போடுகிற லைல், வேண்டாவெறுப்பாகப் போட்டான். மூன்றாவது எட்டில் தூண்டில் கோல் வளைந்தது.

"மாட்டிக்கிச்சுடா!"

"எவ்ளோ பெருசு?"

லைல் ஆர்லோவின் கையைப் பிடித்து, வலைக்குள் கிடந்த மீனின் மேல் வைத்தான்.

"உன் வெள்ளைக் கைத்தடி நீளம் இருக்குடா! ரொம்ப நன்றிடா."

வழக்கம்போல் மீனை ஏரியிலேயே விட்டார்கள்.

"நன்றியை மழைக்குச் சொல்லு," என்று சிரித்தான் ஆர்லோ. "இன்னைக்கு உன் கண்ணையும் கட்டிவிட்டுச்சே!"