பிடித்துத் தைத்த சட்டை

தட்டு சுவரில் மோதி, சுழன்று, அவள் காலடியில் வந்து விழுந்தது.

சாறு சுவரில் கோடு கோடாக இறங்கியது. கறித்துண்டு ஒன்று தையல் மிஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

இந்த வாரத்தில் இது மூன்றாவது தட்டு.

“மனுஷன் தின்பானா இதை?” என்றார் மாமனார், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். துண்டுக்குப் பின்னாலிருந்து வந்தாலும் அது ஹாரன்தான்.

மருமகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கையில் வைத்துக்கொண்டே கிட்டப் போனால் குத்திவிடுவோமோ என்று அவளுக்கே பயம்.

ஒரே எட்டில் போய், காலரைக் கொத்தாகப் பிடித்து, அவரைச் சுவரோடு சாத்தினாள்.

“இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு. இந்த வீட்ல நீங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“நீயே போ. சட்டைக்கு அளவெடுக்கத் தெரியாதவ, சமைக்க வந்துட்டா.”

தையல்காரியை அப்படிச் சொல்வதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். மூன்று மாதமாக அறைகிறார். சட்டை தொளதொளக்கிறது என்று மூஞ்சியில் வீசுவார். அவளும் ரோஷத்தில் ஒரு வார்த்தை பேசாமல், பக்கத் தையலைப் பிரித்து, பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். இதுவரை நான்கு முறை.

“விடும்மா, பெரியவரு” என்றான் கணவன், வாசலில் நின்றபடி. அதிர்ந்து பேசாத மனிதன். அவனைப் போல ஒரு மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமென்று தெருவே பெருமூச்சு விடும்.

அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் உலுக்கு உலுக்கினாள்.

தலை முன்னும் பின்னும் ஆடியது. காலர் அசையாமல் அவள் பிடியிலேயே நின்றது. குனிந்து பார்த்தாள். அவளுடைய முழு முஷ்டியும் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இருந்தது.

ஒரு விரல் நுழையத்தான் அவள் காலர் வெட்டுவாள். பக்கத் தையலைத்தான் பிடித்தாள். காலரில் கை வைக்கவே இல்லை.

தோளில் கிடந்த டேப்பை உருவினாள். திமிறியவரை முழங்கையால் அழுத்திக்கொண்டே மார்பைச் சுற்றினாள்.

போன வருடம் நாற்பது அங்குலம். இப்போது முப்பத்துநான்கு.

அவளுடைய அளவு தப்பவே இல்லை. ஆள் உள்ளே போகப் போக, ஒருவர் கண்ணிலும் படாதபடி பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

“வயசாச்சுல்ல. வத்தத்தான் செய்வாங்க” என்றான் கணவன்.

“வத்துறதுக்கு இவரென்ன குளமா? சும்மா இருங்க. மாமா, வாயைத் திறங்க.”

திறக்கவில்லை. துண்டைப் பிடுங்கி எறிந்து, தாடையை இரண்டு விரலால் நசுக்கித் திறந்தாள்.

கீழ்ப் பல்செட்டைக் காணோம். ஈறு முழுக்கப் புண். மேல்செட் பாதியில் முறிந்து, அதன் முனை நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது.

“எப்ப உடைஞ்சுது?”

“விழுந்துட்டேன்மா.”

ஹாரன் அடங்கிவிட்டது. மெல்ல முடியவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்காமல்தான் தட்டுகள் பறந்திருக்கின்றன.

அவள் அடுப்படிக்கு ஓடினாள். மிச்சமிருந்த கறியை மையாக மசித்து, சூடான சாறு விட்டுக் குழைத்து, கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

“நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம், பல் டாக்டர்கிட்டயும் போறோம். இப்ப நீங்க ஊட்டுங்க. என் கையால வாங்க மாட்டாரு” என்று கணவனிடம் கிண்ணத்தை நீட்டினாள்.

“வாங்கிக்கோங்கப்பா” என்று இதமாகச் சொல்லி, கரண்டியோடு வலது கையை உயர்த்தினான் அவன்.

அவள் சுவரில் சாத்தியபோது கண்ணைக்கூட இமைக்காத மனிதர், முகத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் குறுக்கே போட்டுக்கொண்டு மூலைக்குள் சுருண்டார்.

கரண்டி பாதி வழியில் நின்றது.

கணவன் அப்பாவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான், அவள் பார்த்துவிட்டாளா என்று.