பத்தாம் நாள் வெப்பம்

நிலநடுக்கோட்டுக் கடலில் மிதக்கும் வானிலை நிலையத்தில் அமலதாஸ் ஒற்றை ஆள். சூடான கடலில் புயல் கிளம்பும் என்பதால், கடல்நீர் தொடர்ந்து பத்து நாள் இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அவனை அழைத்துவரக் கப்பல் போகும். மூன்று வருடமாகக் கடல் ஆறவில்லை. இம்முறை ஒன்பது நாள் ஆறியிருந்தது.

பத்தாம் நாள் காலையில் தூத்துக்குடியிலிருக்கும் மனைவி ஜெரின்சிக்குப் போன் செய்தான்.

“இருபத்தெட்டு பாயிண்ட் ஒண்ணு.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ரெண்டு பாயிண்ட் குறைச்சு எழுதிருங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?”

“இந்தச் சூட்டை வச்சுத்தான் புயல் வருமான்னு சொல்லுதாங்க. உன் தம்பி அதை நம்பித்தான கடலுக்குப் போறான்?”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உள்ளதையே எழுதுங்க,” என்றாள் பிறகு.

போனை மட்டும் வைக்கவில்லை. அவன் எழுதி முடிக்கும்வரை, அவனைச் சுற்றியிருந்த அலைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.