முதல் கையெழுத்து

விருப்ப ஓய்வு ஃபாரத்தில் பாய்லர்காரர் பேனாவை வைத்ததைக் கூடத்தில் இருந்த நாற்பது பேரும் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கொதிகலனோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். கையெழுத்தைப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே போனார்.

சோப்பு ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் விருப்ப ஓய்வு அறிவிப்பை ஒட்டி நான்கு நாளாகியும், அவருக்கு முன் ஃபாரம் வாங்க ஒருவரும் போகவில்லை. 'முதலில் கையெழுத்திடும் பத்துப் பேருக்கு ஆறு மாதச் சம்பளம் கூடுதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் யாரும் அசைந்து கொடுக்கவில்லை.

"அவரே போட்டுட்டாருன்னா கம்பெனி இனி தேறாதுன்னுதானே அர்த்தம்?" என்றான் பெட்டி கட்டுகிறவன். "உள்விவரம் தெரியாமலா போடுவாரு?"

நாற்காலிகள் நகரத் தொடங்கின.

பாய்லர்காரரின் தங்கையைக் கட்டியவன் என்பதால், லேபிள் மெஷின் ஓட்டுகிறவனுக்கு ஆலை முழுக்க 'மாப்பிள்ளை' என்றே பெயர். அவன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே குமுறிக்கொண்டிருந்தான். நேற்றுதான் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவனைத் தனியாக ஓரங்கட்டி மச்சான் சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை, யார் போட்டாலும் நீங்க போடாதீங்க. நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்டுல இருந்தாலும் சரி."

"ஏன் மச்சான்?"

"ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்க, போதும்."

இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. மச்சான் இவன் வாயையும் கையையும் கட்டிப்போட்டுவிட்டு, அந்த ஆறு மாதச் சம்பளத்தைத் தான் மட்டும் தட்டிக்கொண்டு போகிறார். மாமனார் வீட்டைப் பாகம் பிரித்தபோதும் இதே கதைதான். தெருவைப் பார்த்த அறைகள் அண்ணனுக்குப் போயின. தங்கைக்குக் கிடைத்தது ஒழுகும் பின்கட்டு.

மனைவிக்குப் போன் போட்டான்.

"எங்கண்ணன் போட்டுடுச்சா?" அவள் குரல் காதைக் கிழித்தது. "அப்புறம் நீங்க எதுக்கு முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? ஆதாயம் இல்லாம அது ஒரு அடி எடுத்து வைக்குமா?"

"இல்ல, வேலை போயிட்டா பிள்ளைங்க படிப்பு..."

"அதுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல? அது யோசிக்காமலா போட்டுச்சு? நம்மளைத்தான் எப்பவும் ஏமாளின்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. ஓடிப் போய்ப் போடுங்க!"

ஓடினான். குமாஸ்தா அவனுடைய ஃபாரத்தின் மூலையில் 'ஒன்பது' என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தான்.

மதியத்துக்குள் எல்லாரும் கையெழுத்திட்டுக் கூடமே காலியாகிவிட்டது. பெட்டி கட்டுகிறவன் மட்டும் பயந்து போய், ஃபாரத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றான்.

"போட்டது போட்டதுதான்ப்பா," என்றார் குமாஸ்தா. "எல்லாம் தலைமை ஆபீசுக்குப் போயாச்சு."

சாயங்காலம் வாட்ச்மேனின் மேஜை மேல் அடையாள அட்டைகளும் காக்கிச் சீருடைகளும் குவிந்து கிடந்தன. தன்னுடையதையும் அதில் எறிந்துவிட்டு, மாப்பிள்ளை நேரே பாய்லர் அறைக்குப் போனான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் வீட்டுக்குப் போக மனசில்லை.

அங்கே பாய்லர்காரர் கரி படிந்த தன் சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். போகிற போக்கில் இந்தக் கந்தலைக்கூட விடமாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா மாப்பிள்ளை?" என்றார் அவர். "நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிப்டுக்கு வந்துடுங்க."

"எங்க வர்றது?" அவன் சிரித்தான். "நானும் போட்டாச்சு மச்சான். ஒன்பதாவது ஆள். நீங்க மட்டும் முழுங்கலாம்னு பார்த்தீங்க, நடக்கல."

பாய்லர்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையெழுத்து சும்மா, மாப்பிள்ளை," என்றார். "நான் போட்டா எல்லாரும் போடுவாங்கன்னு மேனேஜர் கேட்டாரு. என் ஃபாரத்தை மட்டும் தனியா எடுத்து அப்பவே கிழிச்சிட்டாரு."

மாப்பிள்ளைக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான்.

"இத்தனை பேர் வயித்துல அடிச்சு, உங்க ஒரு வேலையைக் காப்பாத்திக்கிட்டீங்களா? நீங்கள்லாம் மனுஷனா?"

அவர் அவனுடைய கையை விலக்கக்கூட இல்லை.

"வேலை ரெண்டு கேட்டு வாங்கினேன் மாப்பிள்ளை. ஒண்ணு உங்களுக்கு."