தூதனுக்கு இரண்டு பக்கம்

"முதல் விஷயம், சார், அந்த ராஜாவுக்கு மூளை இல்ல" என்று தொடங்கினாள் லுயாண்டோ.

வகுப்பு சிரித்தது.

நாடகத்தை முதல்முறை படித்ததும் மனதில் பட்டதை எழுந்து நின்று சொல்ல வேண்டும். சியாம்வீண்டே சார் கொடுத்திருந்த வேலை அது. அவளுக்கு முன்னால் எழுந்தவர்கள் 'உருக்கமாக இருந்தது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் புத்தகத்தின் அட்டையைத் தாண்டவில்லை.

லுயாண்டோ கடைசிப் பக்கம் வரை படித்திருந்தாள். அதனால்தான் அவ்வளவு எரிச்சல்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய துன்பியல் நாடகம். போர் முடியும்வரை கோட்டைக் கதவைத் திறப்பதில்லை என்று ராஜா சத்தியம் செய்கிறான். செய்து முடித்த பிறகுதான் சொந்த மகன் வெளியே மாட்டிக்கொண்டது தெரிகிறது. கதவைத் திறந்து விட்டிருந்தால் ஆறாம் பக்கத்திலேயே எல்லோரும் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் ஆறு பக்கத்துக்கு யார் பரீட்சை வைப்பார்கள் என்று கேட்டாள்.

மேடை ஓரத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் ஒன்று நிற்கிறது. நடப்பதையெல்லாம் பார்க்கிறார்கள், பாட்டாகவே புலம்புகிறார்கள். ஒருவர்கூடத் தாழ்ப்பாளில் கை வைப்பதில்லை. நம்முடைய பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்றாள்.

பெஞ்சுகளைத் தட்டினார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் சார் உட்காரச் சொல்லியிருப்பார். போன பருவத்தில் ஒரு கவிதையைப் பற்றி இதில் கால்வாசி பேசியதற்கே அவளை மைதானத்தில் புல் வெட்ட அனுப்பியவர் அவர். இன்று ஜன்னலோரம் நின்றபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

லுயாண்டோவுக்கே ஆச்சரியம். கிடைத்ததை விடுவானேன் என்று நாடகத்தில் வரும் தூதனைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் செத்துவிடுகிறான். அதை அவன் அம்மாவிடம் சொல்ல ஒருவன் ஓடி வருகிறான். வந்தவன் முதலில் புழுதியைப் பற்றிச் சொல்கிறான். அப்புறம் குதிரைகள். அப்புறம் அன்றைக்குச் சூரியன் எப்படி உதித்தது என்று ஒரு விவரம். எதிரே ராணி நின்றுகொண்டிருக்கிறாள், இவன் பறவைகளைப் பற்றிப் பேசுகிறான். முழுசாக இரண்டு பக்கம். கொட்டாவி விடாமல் அந்த அம்மா எப்படித்தான் நின்றாளோ.

"நீயா இருந்தா எப்படிச் சொல்லுவ?" என்று சார் கேட்டார்.

"ஒரே வரி, சார். அம்மா, உங்க பையன் போயிட்டான். அவ்வளவுதான்."

வகுப்பு மறுபடி சிரித்தது. சாரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

மணி அடித்தது. யாரும் அசையவில்லை, சார் போகச் சொல்லவில்லையே. ராஜாவைப் பற்றி இன்னும் ஏதாவது உண்டா என்று அவளிடம் கேட்டார். இல்லை என்றாள். ராணியைப் பற்றி? அதுவும் இல்லை. வெளியே சாப்பாட்டு வரிசையில் தட்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்களை அனுப்பினார். அவளை மட்டும் இருக்கச் சொன்னார்.

"புல்வெட்டி எங்க இருக்குன்னு எனக்கே தெரியும், சார்" என்றாள் லுயாண்டோ.

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முழங்கால்கள் மேசைக்கடியில் நுழையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"உங்க மாமா காலையிலேயே வந்துட்டாரும்மா. தலைமையாசிரியர் ரூம்லதான் இருக்கார். அவரால முடியல, அதான் என்னைச் சொல்லச் சொன்னாங்க. நான் முதல் பீரியட்லயே உன்னைக் கூப்பிட்டிருக்கணும்."

மாமா கரீபா ஏரிக்கரையில் மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். பள்ளி நாளில் ஒருபோதும் வந்ததில்லை. அந்தப் படகில்தான் அவளுடைய அண்ணன் ம்வீம்பா ராத்திரியானால் விளக்கேற்றிக்கொண்டு கபெண்டா என்ற பொடிமீன் பிடிக்கப் போகிறான்.

"நேத்து ராத்திரி ஏரியில காத்து ரொம்ப..." என்று சார் தொடங்கினார். நிறுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது ஒரு வரிதான்.

"ரோடு எப்படி இருந்ததாம், சார்?" என்று அவசரமாகக் கேட்டாள் லுயாண்டோ. "மாமா வந்த மலை ரோடு. மழையில சேறா இருந்திருக்குமே."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சேறுதான் என்றார். பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி மாட்டிக்கொண்டதை, கல் போட்டுத் தள்ளியதை, மேலே ஏறியபோது மூடுபனி இருந்ததை, ஒன்றையும் விடாமல் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.